சொறிமுட்டையை வெட்டிப் போட்டால் தொல்லை தீருமா?

கேள்வி: பாக் நீரிணைப் பக்கம் நாட்டுப்படகு வைத்திருக்கிறேன். சில வாரங்களாக வலையில் மீனைவிடச் சொறிமுட்டைதான் (ஜெல்லிமீன்) அதிகம். பலர் அதை வெட்டிக் கடலிலேயே போடுகிறார்கள். இப்போது ஒரு ஏஜென்ட் வந்து, முன்பணம் தருகிறேன், சொறி முழுவதையும் எனக்கே பிடித்துக் கொடுங்கள் என்கிறார். சொறியால் கடலுக்குப் பயன் ஏதும் உண்டா? அள்ளிவிட்டால் நல்லதுதானே?
(வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: முதலில் வெட்டுவதை நிறுத்துங்கள். முற்றிய சொறியை வெட்டினால் முட்டையும் விந்தும் தண்ணீரில்தான் கலக்கும். தவிர, குடை விரித்து மிதப்பது அதன் பாதி வாழ்க்கைதான். மீதிப் பாதியில் அது கல்லிலும் சிப்பி ஓட்டிலும் ஒட்டிக்கொண்டு, பொடி மொட்டாகக் கிடக்கும். பருவம் வந்ததும் அந்த மொட்டு அடுக்கடுக்காகப் பிரிந்து குஞ்சு விடும். மேலே வெட்டி என்ன ஆகப்போகிறது? ஒட்டுவதற்கு இடமும் நாமே தருகிறோம்: தூண்டில் வளைவு (கடலரிப்பைத் தடுக்கக் கொட்டும் கல் வரிசை), ஜெட்டி, பாலம். கல் கொட்டும் கோப்பு ஓடும். அந்தக் கல்லில் பிறகு என்ன வளர்ந்தது என்று பார்க்கச் சொல்லும் கோப்பு தூங்கும்.

பயன் நிறையவே உண்டு. ஏழுவரி ஆமைக்குச் சொறிதான் முக்கியச் சாப்பாடு. பங்குனி ஆமையும் தின்னும், வவ்வால் மீனும் தின்னும். பாரைக் குஞ்சுகள் பெரிய மீனுக்குத் தப்பி அந்தக் குடைக்கடியில்தான் ஒளியும். செத்தால் ஆழத்துக்கு இறங்கி அடிக்கடல் உயிர்களுக்கு இரையாகும். 2002இல் ஓமன் கடலடியில் செத்த சொறி குவியல் குவியலாகக் கிடந்ததை ஆய்வாளர்கள் பார்த்தார்கள்.

மீன் முட்டையையும் குஞ்சையும் சொறி தின்கிறதே என்பீர்கள். தின்னும்தான். ஆனால் சாளை தின்னும் அதே நுண்ணுயிர்தான் சொறிக்கும் இரை. சாளையை வாரி எடுத்துவிட்டால் அந்தத் தீனி சொறிக்குப் போகும். நமீபியாவில் அதுதான் நடந்தது. சாளை அழிந்த அந்தக் கடலில், 2006இல் வெளிவந்த கணக்குப்படி மீன் 36 லட்சம் டன், சொறி 1.22 கோடி டன்.

இனி ஏஜென்ட். எல்லாச் சொறியும் விலைபோகாது. உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்தினால் ஈர எடையில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். பேச்சில் வருவது பதப்படுத்திய சரக்கின் ஏற்றுமதி விலை. உங்களுக்குத் தருவது ஈரச் சரக்கின் விலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சொறித் திரள் திடீரென்று காணாமல் போகலாம், முன்பணம் மட்டும் கடனாக நிற்கும். அந்தக் கடனுக்காக அடுத்த பருவத்து மீனையும் அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டிவரும். விலை எந்த எடைக்கு, சரக்கைக் கழித்தால் நஷ்டம் யாருக்கு, திரள் போய்விட்டால் முன்பணம் என்ன ஆகும் என்று எழுதி வாங்குங்கள். தராவிட்டால் பணத்தைத் தொடாதீர்கள்.

பிடிப்பதானாலும் முக்கியமாக ஒன்றைத் தொடவே கூடாது: பெட்டிச் சொறி. உருண்டைக் குடை இருக்காது. நான்கு மூலை, மூலைக்கு மூலை தொங்கும் இழை. கண்ணாடிபோல இருப்பதால் தண்ணீருக்குள் தெரியாது. அதற்கு 24 கண்கள் உண்டு, எதிரில் இருக்கும் தடையைப் பார்த்து விலகவும் தெரியும். வலைக்குள் விலக முடியாதே! செத்தாலும் இழை கொட்டும். தரம்பிரிக்கக் கூலிக்கு வரும் பெண்களுக்கு ஏஜென்ட் கையுறை தராவிட்டால், நீங்களாவது கேளுங்கள். பெட்டிச் சொறி கொட்டிய இடத்தில் மணல் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். வினிகர் ஊற்றிவிட்டு இழையை எடுங்கள். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி. படகில் ஒரு பாட்டில் வினிகர் எப்போதும் இருக்கட்டும்.