கேளுங்கள், சொல்கிறேன்

ஏறத்தாழ 30 நாடுகளில் மாதந்தோறும் 'உலகின் கவலை எது?' என்று கேட்கிறார்களாம். இந்தியாவில் சுமார் 2,200 பேரிடம்தான் கேட்டார்களாம். எங்கள் தெருவுக்கு யாருமே வரவில்லையே, எப்படி நம்புவது?
வாசகி, தக்கலை

உங்கள் தெருவுக்கு வராததில் குற்றமில்லை. குலுக்கல் முறையில் ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால் ஆயிரம் பேரே போதும். கிடைக்கும் விடைக்கும் உண்மை நிலைக்கும் உள்ள பிழை பெரும்பாலும் சுமார் 3 சதவீதப் புள்ளிக்குள் அடங்கிவிடும். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் இருந்த சுமார் பதினெட்டே முக்கால் லட்சம் பேரானாலும், முழு இந்தியாவானாலும் இதே கணக்குதான். பிழையைப் பாதியாக்க நாலாயிரம் பேர் வேண்டும். செலவை நினைத்துப் பலரும் ஆயிரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நான் பார்ப்பது அந்த 2,200 பேர் யார் என்பதைத்தான். நீங்கள் சொல்லும் கணிப்பை நடத்துவது இப்சோஸ் நிறுவனம். இந்தியாவில் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் நகரத்தவர்கள், படித்தவர்கள், வசதியானவர்கள் என்று அறிக்கையின் அடியில் அவர்களே எழுதிவிடுகிறார்கள். செய்தியாகும்போது அந்த வரிகள் உதிர்ந்து 'இந்தியர்களின் கவலை' என்ற தலைப்பு மட்டும் மிஞ்சுகிறது. குளச்சலில் வலை பின்னுகிறவரும் குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவரும் அதில் இருக்க வாய்ப்புக் குறைவு.

படிவமும் கையுமாக நானும் சில காலம் வீடு வீடாக அலைந்தவன். கதவைத் திறந்தவரிடம் கேட்டுவிட்டு வரக்கூடாது. அந்த வீட்டுப் பெரியவர்களில் யாருக்குக் கடைசியாகப் பிறந்தநாள் வந்ததோ அவரிடம்தான் கேட்கவேண்டும் என்பது ஒரு விதி. "அவள் வயலுக்குப் போயிருக்கிறாள், நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளும்" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும். படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் மறுபடி நடப்பானா? அறிக்கையில் 'பெண்களின் கருத்து' என்று வருவதில் சில, திண்ணைக் கருத்தாகவும் இருக்கலாம்.

சூழலுக்குக் கேடில்லாத பொருளுக்குக் கூடுதல் விலை தரத் தயார் என்று மக்கள் சொல்வதாகப் படித்துப் பாக்குமட்டைத் தட்டுகளை வாங்கி அடுக்கினேன். அப்படியே இருக்கின்றன.
கடைக்காரர், மார்த்தாண்டம்

முன்பின் தெரியாத ஒருவர் வீடு தேடி வந்து கேட்டால், "தர மாட்டேன்" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அந்தக் கேள்வியில் ரூபாயும் இருந்திருக்காது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை; 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் கொண்டுவந்தார்கள். நான் விசாரித்தவரையில் இரண்டையும் எதிர்த்துப் பேசியவர் ஒருவரும் இல்லை. பேசியவர்கள் கையில் எந்தப் பை இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

நுகர்வின் போக்கை அறிய, வாங்கியதைத்தான் கேட்கவேண்டும். மத்திய அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு அப்படித்தான் நடக்கிறது. கிராமக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 1999-2000இல் சுமார் 59 சதவீதமாக இருந்து, 2022-23இல் 46 சதவீதமாக இறங்கியது அதில் தெரியவந்ததுதான். நீங்களும், "இந்தத் தட்டு வேண்டுமா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "கடைசியாக வீட்டில் நடந்த விசேஷத்துக்கு எந்தத் தட்டு, என்ன விலைக்கு வாங்கினீர்கள்?" என்று கேட்டுப்பாருங்கள். அதற்குப் பிறகு சரக்கு எடுங்கள்.

கைப்பேசியில் ஐம்பதாயிரம் பேர் வாக்களித்த கருத்துக்கணிப்பு, ஆயிரம் பேரிடம் கேட்டதைவிட மேலானதுதானே?
மாணவர், நாகர்கோவில்

இல்லை. அமெரிக்காவில் 1936 அதிபர் தேர்தலுக்கு 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது. 48 மாநிலங்களில் 46ஐ அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் அள்ளினார். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவேட்டிலும் எடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அவை இரண்டும் யாரிடம் இருந்திருக்கும்? போதாக்குறைக்கு, மெனக்கெட்டுச் சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களில் ரூஸ்வெல்ட் மேல் கோபம் கொண்டவர்களே அதிகம். அதைவிட மிகக் குறைவானவர்களிடம் கேட்டு, கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார்.

உங்கள் ஐம்பதாயிரம் பேரும் தாங்களாக வந்து வாக்களித்தவர்கள்தாம். இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதுகிறவர்களும் அப்படியே. அவர்களை வைத்துக் குமரி மாவட்டத்தின் மனநிலையைச் சொல்லச் சொன்னால் நான் சொல்ல மாட்டேன்.