அண்ணாச்சி பதில்கள்: காத்தாடி றெக்கையும் வைக்கோல் லாரியும்

கேள்வி: அண்ணாச்சி, முக்கூடல் பக்கம் வைக்கோல் வாங்கி செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளாவுக்கு அனுப்புகிறேன். போன மாதம் லோடு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு நிற்கிறது என்று மடக்கி அபராதம் போட்டுவிட்டார்கள். கயத்தாறு நாலுவழிச் சாலையில் பார்த்தால், காத்தாடி (காற்றாலை) றெக்கை ஏற்றிய வண்டி ஒரு தெரு நீளத்துக்குப் போகிறது, முன்னால் பைலட் வண்டி வேறு! அளவு மீறிப் போக அவர்கள் வாங்கும் அந்த பர்மிட்டை நானும் வாங்கிக்கொள்ளலாமா?
- முக்கூடல் வாசகர்

பதில்: வயிற்றெரிச்சல் புரிகிறது தம்பி, ஆனால் உங்களுக்கு அந்த பர்மிட் கிடைக்காது. இப்போது வருகிற றெக்கை 60, 70 மீட்டர்கூட இருக்கிறது, ஒரே துண்டு. ரெண்டாக அறுத்து ஏற்றிக்கொண்டு வா என்று யாரும் சொல்ல முடியாது. வைக்கோல் அப்படியா? பாதியை இறக்கி இன்னொரு லாரியில் போடலாம். பிரிக்க முடியாத சரக்குக்குத்தான் அளவு மீறிப் போக அனுமதி, நம் லாரிக்காரர்கள் ஓடிசி என்பது அதைத்தான். மற்ற வண்டிக்கெல்லாம் அகலம் 2.6 மீட்டர், அதாவது எட்டரை அடி, சாதாரண லாரிக்கு நீளம் 12 மீட்டர். உயரம் 3.8 மீட்டராக இருந்ததை 2020-இல் 4 ஆக்கினார்கள், அவ்வளவுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 2019-இல் ஒரு திருத்தம் வந்தது. லோடு பக்கவாட்டிலோ முன்னால் பின்னாலோ உயரத்திலோ அளவு தாண்டினால் 20,000 ரூபாய், இறக்குகிற கூலியும் உங்கள் தலையில்தான். எடை கூடினாலும் 20,000, அதற்கு மேல் டன்னுக்கு 2,000. வைக்கோலுக்கு எடை என்றைக்கும் பிரச்சினை இல்லை, கரண்டு கம்பிதான் பிரச்சினை. ஒரு பொறி விழுந்தால் லாரியும் மிஞ்சாது.

றெக்கைக்காரன் சொகுசாகப் போகிறான் என்று நினைக்காதீர்கள். ஒரு ராத்திரி ராதாபுரம் பக்கம் ஒரு விலக்கில் டீ குடிக்க நின்றவன் ரெண்டு மணி நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். வயரைக் கம்பால் தூக்கிப் பிடிக்க ஒருவர், ரோட்டோரப் போர்டைக் கழற்றி ஓரமாக வைக்க ஒருவர், பின்சக்கரத்தைத் தனியாகத் திருப்பிக்கொண்டே கூட நடந்து வர இன்னொருவர், டிரைவரோ தன் வண்டியின் வால் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கிளம்பும்போதே எந்த வழி என்பது பர்மிட்டில் முடிவாகிவிடும். தேசிய நெடுஞ்சாலைக்கு மத்திய அமைச்சகத்திடம் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், ஊர்ச்சாலைக்குள் திரும்பினால் மாநிலத்துறையிடம் போக வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் டிரக் ஓட்டுகிற என் அண்ணன் மகன், அங்கே மாநிலத்துக்கு மாநிலம் தனி பர்மிட் வாங்கணும் என்கிறான். ஒரே நாட்டுக்குள் அப்படியா? கதை விடுகிறானா அண்ணாச்சி?
- பாளையங்கோட்டை வாசகி

பதில்: கதை இல்லை தாயி. அங்கேயும் பெரிய சாலைகளில் அகலம் 102 அங்குலம், அதாவது நம்ம அதே எட்டரை அடி. மாநிலங்களை இணைக்கும் சாலையில் எடை 80,000 பவுண்டு, கிட்டத்தட்ட 36 டன். இதெல்லாம் மத்திய அரசு வைத்தது. ஆனால் உயரத்துக்கு மத்திய அரசு வரம்பே வைக்கவில்லை! கிழக்கே பல மாநிலங்களில் பதிமூன்றரை அடி, டெக்சாஸ், கலிபோர்னியாவில் 14, நெப்ராஸ்காவில் பதினாலரை. ஆக டெக்சாஸில் சரியாக இருந்த அதே லோடு கிழக்கே போனதும் குற்றமாகிவிடும். அளவு மீறியதற்கு பர்மிட் தருவதும் மாநிலங்கள்தான், அஞ்சு மாநிலம் தாண்டினால் அஞ்சு பர்மிட். பல மாநிலங்களில் பொழுது சாய்ந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும். மிச்சிகன் மட்டும் தனி ரகம், 11 அச்சு இருந்தால் 1,64,000 பவுண்டு வரை விடுகிறது. பிரிக்க முடிகிற சரக்கா என்ற கேள்வி பொதுவாக அங்கேயும் உண்டு, முக்கூடல்காரர் கவனிக்கவும்.

டர்ஹாம் என்ற ஊரில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று இருந்தது, அடியில் நுழைந்த எத்தனையோ வண்டிக்கு மொட்டை போட்டது. 2019-இல் 8 அங்குலம் தூக்கி வைத்தார்கள். அப்புறமும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

கேள்வி: வீடு கட்டக் கம்பி ஏற்றும்போது வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புத் துணி கட்டினால் போதும்தானே?
- களக்காடு வாசகர்

பதில்: போதாது. முன்பு பின்னால் ஒரு மீட்டர் வரை விட்டிருந்தார்கள், 2014-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ராத்திரியில் சிவப்புத் துணியும் கறுப்புத் துணியும் ஒன்றுதான், பின்னால் பைக்கில் வருகிறவனுக்கு எதுவும் தெரியாது. கடைக்காரரிடம் கம்பியை மடக்கி ஏற்றச் சொல்லுங்கள், கொத்தனார் நிமிர்த்திக்கொள்வார்.