பாட்டாவின் ரெட்டைக்குழல் யாருக்காகச் செய்தது?

கேள்வி: என் பாட்டா குலசேகரம் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் கணக்கராக இருந்தார். ஊருக்குத் திரும்பிய துரை ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று இருக்கிறது. கட்டையின் அடியில் ஒரு வெள்ளித் தகடு, அதில் இரண்டு எழுத்துகள். லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது. அவர் தவறி எட்டு மாதம் ஆகிறது. மார்த்தாண்டத்துப் புரோக்கர் ஒருவர், "இது மகாராஜா ஆர்டர் கொடுத்துச் செய்தது, நூறு வருஷம் தாண்டியதால் லைசென்ஸ் வேண்டாம், லண்டனில் விற்றுத் தருகிறேன்" என்கிறார். உண்மையில் யாருக்காகச் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வரலாறு இருக்கட்டும். எட்டு மாதமாகத் துப்பாக்கி வீட்டில்தானே இருக்கிறது? இன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, அங்கேயோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 21 அதைத்தான் சொல்கிறது. அப்புறம் வாரிசு என்ற முறையில் லைசென்ஸுக்கு எழுதிக் கொடுக்கலாம்.

'நூறு வருஷம் ஆனால் லைசென்ஸ் வேண்டாம்' என்ற கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பிரிவு 45 விலக்குத் தருவது உண்மை. ஆனால் வயதை மட்டும் பார்த்துத் தருவதில்லை. பழைய மாதிரியோ, பழம்பொருள் மதிப்புள்ளதோ, பழுதானதோ, எதுவானாலும் ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும். ரிப்பேர் செய்தாலும் என்ற சொல்லைக் கவனியுங்கள். விசை துருப்பிடித்து இறுகிவிட்டது, உள்ளே ஒரு ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்பதெல்லாம் போதாது. ஸ்பிரிங்கை மாற்றினால் சுடும் அல்லவா? மாட்டிக்கொண்டால் வழக்கு உங்கள் மேல், கமிஷன் அவருக்கு. லண்டன் விற்பனையும் அப்படித்தான். நூறு வருஷத்துப் பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் வருஷப் பழம்பொருள் சட்டம் இடம் தரவில்லை. வயதைக் காட்டி லைசென்ஸ் வேண்டாம் என்பவர், அதே வயதால் வரும் ஏற்றுமதித் தடையைச் சொல்வதில்லை.

சரி, பெயருக்கு வருவோம். பர்மிங்காமில் 1812-இல் தொடங்கிய பெரிய கம்பெனி வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ். இந்திய ராஜாக்கள் பலருக்கும் அது செய்து கொடுத்தது. உங்கள் பட்டையில் இருப்பதோ வெறும் 'டபிள்யூ.'. லிவர்பூலில் டபிள்யூ. ரிச்சர்ட்ஸ் என்று நல்ல கடை ஒன்று இருந்தது, அதுவாகவும் இருக்கலாம். ஆனால் பெரிய பெயரைப் போலத் தோன்றட்டும் என்றே பெல்ஜியத்தில் இந்தப் பெயரைப் பொறித்து மலிவுத் துப்பாக்கிகள் நிறையச் செய்தார்கள். பெயரைக் காட்டித்தான் புரோக்கர் விலை பேசுவார், குழலைச் சோதித்துப் போட்ட முத்திரையைக் காட்டமாட்டார்.

கடைக்காரரிடம் குழலைக் கழற்றச் சொல்லி அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். முட்டை வட்டத்துக்குள் 'ஈ.எல்.ஜி.' என்று இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை. மேலே கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிந்தியது. கிரீடத்தோடு குறுக்கே போட்ட இரண்டு செங்கோல் இருந்தால் பர்மிங்காம். 'நாட் ஃபார் பால்' என்று பொறித்திருந்தால் 1875-க்கும் 1887-க்கும் இடையில் சோதித்த குழல். வாய் சற்றுக் குறுகியது, ஒற்றைக் குண்டு போடாதே என்று அர்த்தம். எழுத்து தெரியவில்லை என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். முத்திரை போனால் சாட்சியே போச்சு. இன்றைய தோட்டாவைப் போட்டுச் சோதிக்கும் ஆசையும் வேண்டாம். கரிமருந்துக் காலத்துக் குழல் வெடித்தால் முதலில் போவது இடது கை.

விசைக்காப்பு வளையத்தின் வாலிலும் குழலின் அடியிலும் எண் இருக்கும். பிரிட்டிஷ் கம்பெனியாக இருந்து பழைய பேரேடும் தப்பியிருந்தால், அந்த எண்ணை வைத்து ஆர்டர் தேதி, குழல் நீளம், கட்டையின் அளவு, வாங்கியவர் பெயர் எல்லாம் எழுதித் தருவார்கள், கட்டணம் உண்டு. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் மூவரிடமும் பேரேடு இருக்கிறது. ஆனால் வாங்கியவர் என்ற இடத்தில் கல்கத்தாவிலோ பம்பாயிலோ இருந்த ஒரு கடையின் பெயர்தான் பல சமயம் இருக்கும். பெல்ஜியம் என்றால் அந்த வழியே கிடையாது. வெள்ளித் தகட்டு எழுத்துகளை எந்த உரிமையாளரும் பின்னால் வெட்டியிருக்கலாம், அதை மட்டும் நம்பாதீர்கள்.

அப்போது மிச்சம் பாட்டாவின் லைசென்ஸ்தான். 1949 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. நாகர்கோவிலில் கேட்டால் 'ரெக்கார்டு இல்லை' என்ற ஒரே பதில். இருக்கிற கோப்பிலும் துப்பாக்கி எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருக்கும், அதைத் திருத்த நாம் நாலு தடவை நடக்க வேண்டும். அந்த நடையை விட்டுவிட்டுத் திருவனந்தபுரத்தில் கேரள ஆவணக் காப்பகத்துக்கு ஒருமுறை பஸ் ஏறுங்கள். பாட்டாவின் முழுப் பெயர், எஸ்டேட் பெயர், உத்தேச வருஷம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள்.