முருகன் துணை போதாதா?

கேள்வி: என் அக்கா மகளை டிவி சீரியலில் நடிக்கக் கூப்பிடுகிறார்கள். ஆறு வயது. செட்டில் துணைக்கு ஆள் இருந்தே ஆக வேண்டுமா? அவள் அம்மா இருந்தால் போதாதா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: 'துணை' என்று எழுதிவிட்டீர்களே! எனக்கு ஆகாத வார்த்தை அம்மா அது. பன்னிரண்டு வருஷம் துணை ஆசிரியராக இருந்தவன் நான். எழுதுவது நான், பெயர் போட்டுக்கொள்வது இன்னொருவர், டீ வாங்கி வருவதும் நான். துணை நடிகர் என்றால் கத்தியோடு ஓடிவந்து முதல் வெட்டிலேயே சாகிறவர். துணை முதல்வர் என்றால்... வேண்டாம், இந்த மாதம் அரசு விளம்பரம் வர வேண்டும். முருகன் ஒருவர்தான் ஆட்டோ முதுகில் துணையாக இருந்தும் மரியாதை கெடாதவர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2017-ல் திருத்திய மத்திய அரசு விதிகளின்படி அதிகபட்சம் ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரம்தான் வேலை, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பளத்தில் 20 சதவீதமாவது பிள்ளை பெயரில் பேங்க் டெபாசிட். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பொறுப்பாளர் தயாரிப்புத் தரப்பு ஆள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். இங்கிலாந்தில் அந்த ஆளை உள்ளாட்சி விசாரித்து அனுமதி தர வேண்டும். பெற்ற தாய்க்கோ, தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அனுமதி தேவையில்லை.

அம்மா போதாதா என்கிறீர்கள். ஹாலிவுட்டில் ஜாக்கி கூகன் என்ற பையன் சின்ன வயதில் நடித்துச் சம்பாதித்ததைக் கேட்டு 1938-ல் பெற்ற அம்மா மேலேயே கேஸ் போட்டான். எல்லா அம்மாவும் அப்படி என்று சொல்லவில்லை. பல வருஷத்துக்கு முன் பேட்டிக்காக ஒரு செட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் வந்த குழந்தைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ஐந்தாவது தடவையாகக் கிளிசரின் போடுகிறார்கள், கண் ரெண்டும் மிளகாய்ப்பழம். "ஒன் மோர்" என்கிறார் டைரக்டர். அம்மா பக்கத்திலேயே நின்று விசிறிக்கொண்டே "இன்னும் ஒண்ணே ஒண்ணுடா தங்கம்" என்கிறார். விசிறியது எங்கள் பத்திரிகையால். அந்த இதழ் அதற்காவது பயன்பட்டது.

அதனால் நீங்கள் போங்கள். சம்பளத்தில் பங்கில்லாத சித்தி. தண்ணீர் பாட்டிலும் வாட்சும் போதும், அஞ்சு மணி நேரம் ஆனதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மறுநாள் உங்களை உள்ளே விடமாட்டார்கள், அது வேறு விஷயம்.