பெட்ரோல் கருவியிலிருந்து மின்கருவிக்கு: கட்டுமானத் தளத்தினரின் கேள்விகளும் பதில்களும்

(பதில் அளிப்பவர், கட்டுமானத் தளங்களுக்குத் தற்காலிக மின்னமைப்பு செய்து தரும் மேற்பார்வையாளர்.)

கேள்வி (கோவை, ஒப்பந்ததாரர்): ஐயா, பெட்ரோல் கட்டர், பெட்ரோல் வைப்ரேட்டர், மண் இடிக்கும் ராமர் ஆகிய மூன்றும் எங்களிடம் உள்ளன. எதை முதலில் மாற்றலாம்?

பதில்: எது பழையது என்று பார்க்காமல், எது மூடிய இடத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். அடித்தளம், லிஃப்ட் குழி, தண்ணீர்த் தொட்டி போன்ற இடங்களில் பெட்ரோல் எஞ்சினை இயக்குவதை இன்றே நிறுத்த வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி என்று உட்கார்ந்தவர் எழ முடியாமல் போவார், அவரைத் தூக்க இறங்கியவரும் அங்கேயே மயங்கி விழுவார். மின்விசிறி வைத்திருக்கிறோம் என்ற சமாதானத்தை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. திறந்தவெளியில் ஓடும் ராமர் கடைசியாக மாறினால் போதும்.

கேள்வி (மதுரை, மேஸ்திரி): பேட்டரி கிரைண்டர் ஒரு நாள் முழுவதும் தாங்குமா?

பதில்: தாங்காது. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 90 வாட்-மணி. 900 வாட் இழுக்கும் வேலையில் அது ஆறு நிமிடத்தில் தீர்ந்துவிடும். துளையிடுவது, திருகு முடுக்குவது போன்ற விட்டுவிட்டுச் செய்யும் வேலைகளுக்குப் பேட்டரி மிகவும் ஏற்றது. சுவரில் பைப்புக்காகக் காடி வெட்டுவது போன்ற தொடர் வேலைக்கு ஒயர் உள்ள கருவியையே வாங்குங்கள்.

கேள்வி (திருச்சி, பொறியாளர்): நான்காவது மாடியில் கட்டிங் மெஷின் திணறுகிறது, மோட்டாரும் சூடாகிறது. மெஷின் கோளாறா?

பதில்: பெரும்பாலும் ஒயரின் கோளாறுதான். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரை 100 மீட்டர் இழுத்து 10 ஆம்பியர் எடுத்தால், வழியிலேயே ஏறத்தாழ 24 வோல்ட் குறைந்துவிடும். 2.5 சதுர மி.மீ. ஒயரில் அந்த இழப்பு ஏறத்தாழ 15 வோல்ட்தான். மாடிக்கு மாடி தனி மின்பகிர்வுப் பெட்டி வைத்து, தடித்த கேபிளை அதுவரை கொண்டு சென்றால் இந்தத் தொல்லை தீரும். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளாகவே வைத்து வேலை செய்யாதீர்கள். சூடு வெளியேற வழியின்றி உள்சுற்றுகள் உருகிவிடும்.

கேள்வி (நாகர்கோவில், வீடு கட்டுபவர்): எங்கள் ஊரில் மழை அதிகம். ஈரத்தில் மின்கருவிகளைக் கையாள ஆட்கள் அஞ்சுகிறார்கள்.

பதில்: அவர்களுடைய அச்சம் நியாயமானது. பிளக் இல்லாமல் வெறும் கம்பியைச் சாக்கெட்டில் சொருகி, தீக்குச்சியால் இறுக்கி வைக்கும் வழக்கம் இன்னும் பல தளங்களில் இருக்கிறது. அந்த வழக்கம் போகும்வரை மின்கருவிகளை வாங்கவே வேண்டாம் என்பேன். மின்பகிர்வுப் பெட்டியில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்தி, ஒவ்வொரு காலையும் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஃபேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளையும் ஒருவர் ஒருசேரத் தொட்டால் ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது என்பதையும் ஆட்களிடம் சொல்லுங்கள். கொட்டும் மழையில் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி (வேலூர், ஒப்பந்ததாரர்): டீசல் ஜெனரேட்டரில்தான் மின்கருவிகளை ஓட்டப் போகிறோம். அப்படியென்றால் என்ன பயன்?

பதில்: புகை, வேலை செய்பவரின் முகத்தருகிலிருந்து விலகி வெளியே போகிறது; அது பெரிய பயன்தான். ஆனால் டீசல் செலவு குறையாது. எனவே தற்காலிக மின் இணைப்புக்கு வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். ஜெனரேட்டரின் நியூட்ரல் பூமியுடன் இணைக்கப்படாவிட்டால், கசிவு நேரும்போது ஆர்.சி.சி.பி. இயங்காமலே இருந்துவிடலாம்; அந்த இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சரிபார்த்த பிறகே கருவிகளை ஆட்களிடம் கொடுங்கள்.