சீசனில் கூட்டம் வந்தால் கிளவுட் தானாகவே சர்வரைக் கூட்டிக்கொள்ளுமா?

கிருஷ்ணகிரியில் மாம்பழ ஆர்டர் ஆப் நடத்துகிறீர்கள், மே மாதக் கூட்டத்தை குபெர்னெட்டிஸ் (கிளவுட்டில் ஆப்பைப் பல மெஷின்களில் ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) தானாகச் சமாளிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சமாளிக்கும், நீங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால்.

நம்மூர் மண்டியில் வருஷம் முழுக்க ஐம்பது பேருக்குக் கூலி கொடுப்பார்களா? லோடு வந்தால்தான் ஆள் கூப்பிடுவார்கள். இங்கேயும் அதே கணக்குதான்.

ஒவ்வொரு கன்டெய்னருக்கும், அதாவது ஆப்பையும் அது ஓடத் தேவையானதையும் கட்டிய பொட்டலத்துக்கும், சிபியூ, மெமரி ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் எழுத வேண்டும். முதலாவது ரிக்வெஸ்ட், அதாவது இவ்வளவு வேண்டும் என்று கேட்பது. இவ்வளவு இடம் காலியாக இருக்கும் மெஷினைத் தேடித்தான் ஷெட்யூலர் (எது எந்த மெஷினில் ஓட வேண்டும் என்று முடிவெடுக்கும் பகுதி) கன்டெய்னரை உட்கார வைக்கும். நிஜத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்காது. இரண்டாவது லிமிட், அதாவது உச்சவரம்பு. சிபியூ லிமிட்டைத் தாண்டினால் ஆப் மெதுவாகும், அவ்வளவுதான். மெமரி தாண்டினால் ப்ராசஸையே கொன்றுவிடும். ப்ராசஸ் நின்றபின் காட்டும் எண்ணான எக்ஸிட் கோடு 137 என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கன்டெய்னர்கள் ஓடும் அலகுக்குப் பாட் என்று பெயர். பாட் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோஸ்கேலர் வழக்கமாக 15 விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். சிபியூ இலக்கு 60% என வைத்து, 2 பாட்கள் 90% ஓடினால், 3 ஆக்கும். இந்தச் சதவீதம் ரிக்வெஸ்ட்டை வைத்துப் போடுவது. அதை உத்தேசமாக எழுதினால் எல்லாமே கோணல். கூட்டம் குறைந்ததும் உடனே குறைக்காது. 5 நிமிடம் பொறுக்கும்.

மெஷினில் இடமில்லையென்றால் புது மெஷின் வரும்வரை பாட் 'பென்டிங்'கில் நிற்கும். அதனால் ஆஃபர் அறிவிக்கும் நாளில் பாட்களின் குறைந்தபட்ச எண்ணிக்கையை நீங்களே ஏற்றிவிடுங்கள். அதிகபட்சத்தையும் அளவோடு போடுங்கள், இல்லாவிட்டால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும்.

டேட்டாபேஸ் இதில் சேராது. பாட் கூடக் கூட அதற்குப் போகும் கனெக்‌ஷனும் கூடும், அதைத் தனியாகக் கவனியுங்கள்.