மதகு எண்ணுகிற வேலைக்கா பிள்ளையை அனுப்புவது?

அன்புள்ள அம்மா,

விசுவமடுவில் இருந்து பஸ் ஏறி வந்து, மகளை வெளியே இருத்திவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே வந்து கேட்டீர்கள்: "பொம்பிளைப் பிள்ளை றோட்டில நிண்டு டேப் பிடிக்கிற வேலையோ ரீச்சர்?" அன்றைக்கு ஆலோசனை கேட்க வரிசையில் பத்துப் பேர் இருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உயர்தரப் பரீட்சையில், கணிதப் பிரிவில் ஒரு சி, இரண்டு எஸ். பொறியியல் பீடத்துக்கு இசட் புள்ளி போதாது. மூன்றாம் தடவையும் எழுதச் சொல்லலாமா, அல்லது அறிவியல் நகரில் உள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் கட்டட நிர்மாணப் பிரிவுக்கு அனுப்பலாமா என்பது உங்கள் குழப்பம். இதற்குள் ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் தம்பி, "வீதியெல்லாம் போட்டு முடிஞ்சுது, இனி அங்க என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார். முதலில் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். பிள்ளையின் எதிர்காலம் அந்தப் பதிலில்தான் தங்கியிருக்கிறது.

2009க்குப் பிறகு வன்னியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஏ9 வீதி, பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் உங்கள் ஏ35, பூநகரிப் பக்கம் ஏ32, 2011 தை மாதம் திறந்த சங்குப்பிட்டிப் பாலம், 2014இல் யாழ்ப்பாணம் வரைக்கும் திரும்ப ஓடத் தொடங்கிய ரயில். இவற்றோடு பாடசாலைக் கட்டடங்கள், சந்தைகள், உள் வீதிகள், வீதிக்குக் கீழால் தண்ணீர் கடக்கிற மதகுகள், தண்ணீர்த் தாங்கிகள். இவற்றில் பெரும்பாலானவை சில வருட இடைவெளிக்குள் எழும்பியவை. மற்ற ஊர்களில் ஒரு வீதிக்கு ஐம்பது வயது என்றால் அடுத்ததற்கு ஐந்து வயது இருக்கும். எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே நாளில் நட்ட தென்னம்பிள்ளைகள் ஒரே காலத்தில் காய்த்து, ஒரே காலத்தில் கிழடாகிப்போகும் அல்லவா? அந்தக் காலம் இப்போது வந்துகொண்டிருக்கிறது. போட்டு முடித்த வீதியை அடுத்த முப்பது வருடமும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உங்கள் மகள் படிக்க விரும்புவது அந்த வேலையைத்தான்.

வீதி எப்படிக் கெடுகிறது என்று சொன்னால் வேலையும் விளங்கும். தார் வீதிக்கு வெயிலைவிடத் தண்ணீர்தான் எதிரி. மேலே உள்ள தார்ப்படை மெல்லியது. அதன் முக்கிய வேலை, கீழே இறுக்கிப் போட்ட கல்லுக்கும் கிரவலுக்கும் தண்ணீர் இறங்காமல் மூடியிருப்பது. படை வெடித்தாலோ, பக்க வடிகான் தூர்ந்து தண்ணீர் ஓரத்தில் தேங்கினாலோ அடிப்படை ஊறிப்போகும். ஊறிய வீதியில் மணல் ஏற்றிய ரிப்பர் லொறி நாலு தரம் ஓடினால் போதும், குழி விழும். எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்க்கிறது. புரட்டாதியில் மதகைத் துப்புரவாக்கினால் இரண்டு தொழிலாளருக்கு ஒரு நாள் கூலி. ஆக்காமல் விட்டால் தை மாதம் மண் வெட்டுகிற பெக்கோவும் றோலரும் கொண்டுவர வேண்டும்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு சின்ன மதகு, மண் மூடிக் கிடந்தது. நானும் அயலவர்களும் ஓர் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னோம். அது தங்களுடையது இல்லை, மற்ற அலுவலகத்துடையது என்றார்கள். மற்றவர்கள் திரும்ப இங்கேயே அனுப்பினார்கள். அந்த மதகு எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கார்த்திகை மழையில் வீதி அறுந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு தவணை முழுக்க வயல் வரம்பால் சுற்றிப் போனார்கள். அந்த மதகு ஒரு கொப்பியில் எழுதப்பட்டிருந்தால், எழுதியது ஒருவரின் பொறுப்பாக இருந்திருந்தால், அது நடந்திருக்காது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

உட்கட்டமைப்புச் சொத்து முகாமைத்துவம் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 55000 என்று 2014இல் சர்வதேச நியமமும் வந்துவிட்டது. அடிப்படையில் அது இந்தக் கொப்பிதான். எங்களிடம் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எப்போது கட்டியது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அது உடைந்தால் யாருக்கு என்ன நடக்கும், எதை முதலில் திருத்துவது? நிலைமைக்குப் பொதுவாக 1 முதல் 5 வரை புள்ளி போடுவார்கள்; 5 என்றால் மிக மோசம். கொப்பிக்குப் பதிலாக இன்று கைபேசியில் இடத்தைக் குறித்து, கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற இலவச மென்பொருளில் வரைபடமாக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையில் 4ஆம் நிலையில் உள்ள மதகை, நாலு வீட்டு ஒழுங்கையில் 5ஆம் நிலையில் உள்ள மதகுக்கு முன்னால் திருத்த வேண்டும் என்று வாதாட அந்தப் பதிவேடு கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் போடுகிறவருடைய வீதிதான் முதலில் திருத்தப்படும்.

உங்கள் தம்பிக்கு இதையும் சொல்லுங்கள். அவர் இருக்கும் ஒன்ராறியோவில் ஒவ்வொரு மாநகராட்சியும் சொத்து முகாமைத்துவத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று 588/17 இலக்க ஒழுங்குவிதி கட்டாயப்படுத்துகிறது. சொத்துகளின் சராசரி வயது, நிலைமை, திரும்பக் கட்டினால் வரும் செலவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். அங்கே சட்டமாகவே இருக்கிற வேலையைத்தான் இங்கே பிள்ளை படிக்கப்போகிறாள். இங்கே எடுக்கும் சான்றிதழ் அங்கே அப்படியே செல்லாது என்பது உண்மை. மேலே படிக்க வேண்டிவரும். ஆனால் கை பழகிய வேலை கையிலேயே இருக்கும்.

சரி, வேலை எங்கே? வன்னியில் பல இடங்களில் இருக்கிறது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. மிச்ச உள் வீதிகள், தெருவிளக்கு, வடிகான், சந்தை, மயானம் எல்லாம் கரைச்சி, புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்று போன்ற பிரதேச சபைகளின் பொறுப்பு. மன்னாரில் நகர சபையும் வவுனியாவில் மாநகர சபையும் உண்டு. குழாய்த் தண்ணீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம். இரணைமடு போன்ற பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். 80 ஹெக்டேருக்கு உட்பட்ட நிலத்துக்குப் பாய்ச்சும் சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம். 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடு வான்கதவுகள் திறந்ததை நீங்கள் கண்ணால் கண்டிருப்பீர்கள். குளம், வாய்க்கால், மதகு, வீதி எல்லாம் ஒரே தண்ணீரைக் கையாளுகிறவை என்பது எங்கள் மாவட்டத்துப் பிள்ளைக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை.

பிரதேச சபையில் இந்த வேலையின் மையமாக இருப்பவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எங்கள் ஆட்கள் ரீ.ஓ. என்பார்கள். காலையில் தளத்துக்குப் போய் அளப்பது, மதிப்பீடு போடுவது, ஒப்பந்தகாரரோ கிராம அபிவிருத்திச் சங்கமோ செய்த வேலையைப் பரிசோதிப்பது, பில்லுக்குக் கையெழுத்து வைப்பது. அந்தக் கையெழுத்தில்தான் கஷ்டமும் இருக்கிறது. நாலு அங்குலம் கொங்கிரீட் என்று எழுதிய இடத்தில் மூன்று அங்குலம் இருந்தால், "பரவாயில்லைத் தங்கச்சி" என்று சொல்ல ஆள் வரும். உங்கள் மகள் அதற்கு மசியாத பிள்ளை என்று அவளோடு அரை மணி நேரம் பேசியபோதே எனக்குப் பட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அரச ஆட்சேர்ப்பு மெதுவாகத்தான் நடக்கும். சபைகளில் இடங்கள் குறைவு. பரீட்சை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். மூன்று வருடத்தில் படித்ததும் போய், துணிவும் போய்விடும். ஆகவே படிப்பு முடிந்த அன்றே ஒப்பந்த நிறுவனமோ, கணக்கெடுப்பு வேலையோ, எதிலாவது கால் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வர்த்தமானியையும் மாகாண பொதுச்சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களையும் தவறாமல் பார்க்க வேண்டும். தகைமை நிபந்தனை பதவிக்குப் பதவி மாறும். அறிவித்தலைச் சொல்லுக்குச் சொல் வாசிக்காமல் எந்தக் கற்கைநெறிக்கும் பணம் கட்ட வேண்டாம்.

படிப்புப் பாதை: நிறுவகத்தில் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமையில் 4, 5ஆம் மட்டங்கள் எடுத்தால் அங்கேயே கதவு மூடிவிடாது. 6ஆம், 7ஆம் மட்டங்கள் உண்டு, 7 என்பது பட்டம். இரத்மலானையில் தொழிற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே பொறியியல் படிக்கலாம். கணிதப் பிரிவுப் பிள்ளை என்பதால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிடைத்தால் நான் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். மூன்றாம் தடவை பரீட்சை எழுதுவதை நான் விரும்பவில்லை. எழுதத்தான் வேண்டும் என்றால் நிறுவகத்தில் சேர்ந்துகொண்டே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதட்டும். தனியார் வகுப்புக்காக இன்னொரு வருடம் வீட்டில் இருத்த வேண்டாம்.

சிங்களமும் படிக்க வேண்டும் அம்மா. அரச சேவையில் சேருகிறவர் இரண்டாம் அரசகரும மொழித் தகைமை பெற்றாக வேண்டும். அதைவிட, கொழும்பில் நடக்கும் பயிற்சியில் வாய் திறந்து கேள்வி கேட்க அது உதவும்.

இனி நீங்கள் உண்மையில் பயப்படுகிற விஷயம். வெயில் இருக்கிறது. தளத்தில் கழிப்பறை இருக்காது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட்டால் யானை வரும். கண்ணிவெடி அகற்றி முடியாத நிலங்கள் இன்னும் உண்டு, புதிதாக வெட்டும் இடத்தில் அனுமதி கேட்டுத்தான் கால் வைக்க வேண்டும். இவற்றை நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்கூட்டி ஓடத் தெரிந்து, நாலு மணிக்குள் தளத்து வேலையை முடித்து, எங்கே போகிறாள் என்று அலுவலகத்தில் எழுதிவைத்துப் போகிற பழக்கம் இருந்தால் சமாளிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல் கிளிநொச்சியில் தொடங்கிய பிறகு குடிசார் பொறியியல் படித்த பெண்பிள்ளைகள் எங்கள் கண்முன்னே தளங்களில் நிற்கிறார்கள். வேலை செய்கிற ஒரு பெண் உத்தியோகத்தரோடு உங்களையும் மகளையும் பேசவைக்க நான் ஒழுங்கு செய்கிறேன். நான் சொல்வதைவிட அவர் சொல்வது உங்களுக்கு ஏறும்.

மகளுக்கு அன்றைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டேன், அவள் உங்களிடம் சொன்னாளோ தெரியாது. வீட்டில் இருந்து பிரதான வீதி வரைக்கும் நடந்து, ஒவ்வொரு மதகையும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். அகலம், குழாயா பெட்டியா, எவ்வளவு மண் மூடியிருக்கிறது, இரண்டு பக்கமும் தண்ணீர் எங்கே போகிறது, ஒன்று முதல் ஐந்து வரை ஒரு புள்ளி. முதல் சுற்றை மழை தொடங்க முன் முடிக்கட்டும். பெரிய மழை ஒன்று விட்ட அடுத்த நாள் திரும்ப நடந்து, எது எப்படி மாறியது என்று பக்கத்தில் எழுதட்டும். நீங்களும் ஒருதரம் அவளோடு நடந்து பாருங்கள். அடுத்த தடவை வரும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுவாருங்கள், மகளையும் உள்ளே கூட்டிவாருங்கள்.